வளர்ந்த பிள்ளைக்கும் ஒரு வாழ்வு
ஓட்டிசம் உள்ள பெரியவர்களும் தரும உதவியும்

மண்சரிவுக்குப் பின் பாடசாலை மண்டபத்திலோ கோயில் மடத்திலோ தங்கவைக்கப்பட்ட குடும்பங்களின் பெயர்ப்பட்டியலை எழுதியவர்களுக்கு ஒரு விஷயம் தெரிந்திருக்கும். பட்டியலில் எங்காவது ஓரிடத்தில் இருபத்தைந்து, முப்பத்தைந்து வயதான ஒருவரின் பெயர் இருக்கும். தொழில் என்ற கட்டத்தில் ஒரு கோடு. குறிப்பு என்ற கட்டத்தில் "சுகமில்லாதவர்" என்ற ஒரே சொல். அரிசிக்கும் பருப்புக்கும் அவர் ஒரு தலையாக எண்ணப்படுவார். அதற்கு மேல் அவரைப் பற்றி யாரும் கேட்பதில்லை; பெற்றோரும் சொல்வதில்லை.

அந்த ஒரு சொல்லுக்குள் பலவித நிலைமைகள் அடங்கியிருக்கின்றன. அவற்றுள் ஒன்றான ஓட்டிசத்தைப் பற்றி, அதிலும் ஓட்டிசத்தோடு வளர்ந்து ஆளானவர்களைப் பற்றி இம்முறை எழுதுகிறோம். பிள்ளைகளைப் பற்றி ஓரளவு பேசப்படுகிறது. 2008 முதல் ஏப்ரல் 2ஆம் திகதி உலக ஓட்டிச விழிப்புணர்வு நாளாக அனுசரிக்கப்படுகிறது. அன்று படங்களில் நாம் காண்பது பெரும்பாலும் சிறு பிள்ளைகளைத்தான். அந்தப் பிள்ளைக்கு மீசை முளைத்து, தாய் தகப்பனுக்குத் தலை நரைத்த பின்பு என்ன நடக்கிறது என்பதே எமது கேள்வி.

ஓட்டிசம் என்பது என்ன?

இது தொற்றும் நோயல்ல. மூளை வளரும் விதத்தில் பிறப்புக்கு முன்பே அமைந்துவிடும் ஒரு வேறுபாடு. கர்ப்பிணித் தாய் எதையோ கண்டு பயந்ததால் வந்ததல்ல, தடுப்பூசியால் வந்ததல்ல, வளர்ப்புப் பிழையாலும் வந்ததல்ல. இதை மாற்றிவிடும் மருந்தும் கிடையாது. மாற்றித் தருகிறேன் என்று காசு கேட்பவர் டாக்டரானாலும் கோடாங்கியானாலும் அவரிடம் காசைக் கொடுக்காதீர்கள்.

ஓட்டிசம் உள்ள ஒருவருக்கு மற்றவர் முகத்தையும் குரலையும் படித்து அவர் மனதில் உள்ளதை அறிவது கடினம். தன் மனதில் உள்ளதைச் சொல்வதும் கடினம். சிலர் வாய் திறந்து ஒரு சொல்லும் சொல்ல மாட்டார்கள். சிலர் நன்றாகப் பேசுவார்கள், ஆனால் தமக்குப் பிடித்த ஒரே காரியத்தைப் பற்றியே பேசுவார்கள். பதுளைக்குப் போகும் பஸ்கள் எல்லாவற்றின் இலக்கத்தையும் மனப்பாடமாகச் சொல்லக்கூடியவர்களும் உண்டு. ஒரே வழியில் நடப்பது, ஒரே கோப்பையில் தேநீர் குடிப்பது, சாமான்களை ஒரே வரிசையில் அடுக்குவது இவர்களுக்கு ஆறுதல். சத்தம், வெளிச்சம், உடுப்பின் முரட்டுத் துணி, கூட்டம் ஆகியவை நமக்கு உறைப்பதைவிட இவர்களுக்குப் பல மடங்கு உறைக்கும். தாங்க முடியாமற் போகும்போது கத்துவார்கள், தலையைச் சுவரில் மோதுவார்கள், அல்லது எழுந்து ஓடிவிடுவார்கள். ஊரார் பார்ப்பது இந்தக் கடைசிக் காட்சியை மட்டும்தான். அதை வைத்துத்தான் "பைத்தியம்" என்று பெயர் வைக்கிறார்கள்.

சிலருக்கு வலிப்பும் சேர்ந்து வரும். வலிப்புக்கு மருந்து உண்டு, அது அரசாங்க ஆஸ்பத்திரியில் இலவசமாகக் கிடைக்கும். இடம்பெயர்ந்த அவசரத்தில் அந்த மருந்தை இடையில் நிறுத்திவிடுவது ஆபத்தானது. முகாமுக்கு வரும் தாதியிடமோ டாக்டரிடமோ முதல் நாளே சொல்ல வேண்டிய காரியம் இது.

எத்தனை பேர் இருப்பார்கள்? உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டின்படி 2021இல் உலகில் 127 பேருக்கு ஒருவர் ஓட்டிசம் உள்ளவர். நமது நாட்டில் பேராசிரியை ஹேமமாலி பெரேராவும் உடன் ஆய்வாளர்களும் ஒன்றரை முதல் இரண்டு வயதுப் பிள்ளைகளிடையே நடத்திய ஆய்வு 2009இல் வெளிவந்தது. அதில் 93 பேருக்கு ஒருவர் என்று கண்டார்கள். 2012 குடிசன மதிப்பீட்டில் பதுளை மாவட்டத்தின் சனத்தொகை எட்டு இலட்சத்துக்கு மேல். உலகக் கணக்கையே இங்கும் போட்டால் இம்மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரத்துக்கு அதிகமானோர் வருகிறார்கள். அவர்களில் பெரும்பாலானோர் வளர்ந்தவர்களாகத்தான் இருக்க வேண்டும். அவர்களைக் கண்டவர் யார்? ஓட்டிசத்தை ஒரு தனி நிலையாக அமெரிக்க மனநல வைத்தியர்களின் கைநூல் சேர்த்துக்கொண்டதே 1980இல்தான். நமது லயங்களில் அந்தக் காலத்தில் பிறந்தவர்களுக்கு எந்த டாக்டரும் அந்தப் பெயரைச் சொல்லியிருக்க வாய்ப்பில்லை.

பிரட்டும் சங்கும் தந்த ஒழுங்கு

தோட்ட வாழ்க்கையின் கஷ்டங்களை நாம் நன்கு அறிவோம். அதைப் புகழ்ந்து எழுத வரவில்லை. ஆயினும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். விடியற்காலையில் சங்கு, பிறகு பிரட்டு, பத்து மணிக்குத் தேநீர், கொழுந்து நிறுவை, மாலையில் பீலியில் தண்ணீர். ஆண்டு முழுவதும் அதே மணி, அதே பாதை, அதே முகங்கள். ஓட்டிசம் உள்ள ஒருவருக்கு இந்த ஒழுங்கு, அவரை அறியாமலே, ஓர் ஊன்றுகோலாக இருந்திருக்கிறது. தாய் மலையிலிருந்து எத்தனை மணிக்கு வருவாள் என்று அவருக்குத் தெரியும். இஸ்தோப்பில் எந்த மூலை தன்னுடையது என்று தெரியும். பக்கத்துக் காம்பராக்காரருக்கும் அவரைத் தெரியும். "அவன் அப்படித்தான்" என்று விட்டுவிடுவார்கள். மருத்துவப் பெயர் இல்லாமலே பலர் இப்படி முப்பது நாற்பது வருடம் வாழ்ந்துவிட்டார்கள்.

மலை இடிந்து வரும்போது முதலில் போவது இந்த ஒழுங்குதான். 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லாந்தை மீரியபெத்தையில் லயங்கள் மண்ணுக்குள் போன பின்பு, தப்பிய குடும்பங்கள் முதலில் பாடசாலைகளிலும், பின்பு சுமார் இரண்டு வருடம் ஒரு பழைய தேயிலைத் தொழிற்சாலையிலும் இருந்தார்கள். 2025 நவம்பர் இறுதியில் வந்த டித்வா புயலிலும் பதுளை மாவட்டத்தின் மலைக் கிராமங்களும் தோட்டங்களும் பெரிதும் அடிபட்டன. ஒரே மண்டபத்தில் நூறு பேர், இரவு முழுவதும் எரியும் மின்விளக்கு, ஒலிபெருக்கி, ஒவ்வொரு நாளும் வேறு நேரத்தில் வேறு உணவு: நமக்கே தாங்காத இந்த நிலையில் ஓட்டிசம் உள்ளவர் சாப்பாட்டை மறுக்கிறார், உறங்க மறுக்கிறார், ஒரு நாள் அடிக்கிறார். "பயத்தில் புத்தி பேதலித்துவிட்டது" என்கிறார்கள். பயமும் இருக்கக்கூடும், அதற்கு டாக்டரைப் பார்ப்பது அவசியம். ஆனால் அவர் இழந்த பொருள்களின் பட்டியலில் வீடும் பாத்திரமும் மட்டுமல்ல, நாளின் ஒழுங்கும் இருக்கிறது. நஷ்டஈட்டுப் படிவத்தில் அதற்கு ஒரு கட்டம் இல்லை. தரும உதவி கட்டித் தர வேண்டிய முதல் வீடு அதுதான் என்பது எமது எண்ணம்.

சோளக்கொல்லையில் நடந்தது

ஒழுங்கும் வேலையும் ஒரு மனிதனை என்ன செய்யும் என்பதற்கு, ஓட்டிசத்தின் சரித்திரத்திலேயே முதலாவதாக எழுதப்பட்டவரின் கதை இருக்கிறது. 1943இல் அமெரிக்காவில் டாக்டர் லியோ கானர் பதினொரு பிள்ளைகளைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். ஓட்டிசம் என்ற நிலை மருத்துவ உலகுக்குத் தெரியவந்தது அதன் மூலமே. அந்தப் பதினொருவரில் முதலாமவர் மிசிசிப்பி மாநிலத்தின் ஃபாரஸ்ட் என்ற சிற்றூரைச் சேர்ந்த டொனால்ட் டிரிப்லெட். 1933இல் பிறந்தவர். எண்களை எண்ணுவதிலும் அளப்பதிலும் ஓயாத பித்து.

ஒன்பது வயதளவில் அவனைப் பெற்றோர் தமது ஊரிலிருந்து சில மைல் தூரத்தில் குத்தகைக்கு நிலம் செய்த ஓர் ஏழைத் தம்பதியிடம் விட்டார்கள். அவர்கள் படித்தவர்கள் அல்லர், ஆனால் கமம் தெரிந்தவர்கள். பையன் எதையும் அளந்துகொண்டே திரிகிறானா, கிணறு தோண்டச் சொல்லி அதன் ஆழத்தை அளந்து சொல்லும்படி விட்டார்கள். செத்த குருவிகளையும் பூச்சிகளையும் பொறுக்கிச் சேர்க்கிறானா, அவற்றைப் புதைக்க ஒரு மூலையை ஒதுக்கிக் கொடுத்தார்கள். சோள வரிசைகளைத் திரும்பத் திரும்ப எண்ணுகிறானா, ஏரைக் கையில் கொடுத்து, உழுதுகொண்டே எண்ணு என்றார்கள். 1945இல் கானர் அங்கே போய்ப் பார்த்தபோது பையன் குதிரையைத் திருப்பி ஏர் பிடித்த நேர்த்தியைக் கண்டு வியந்தார். அவனுடைய பித்தை அடித்து நிறுத்த அவர்கள் முயலவில்லை, அதற்கு ஏர்ப்பூட்டினார்கள். எந்தப் பட்டமும் இல்லாத இந்தத் தம்பதியைவிடச் சிறந்த ஆசிரியர்களைப் பற்றி நாம் வாசித்ததில்லை.

டிரிப்லெட் பின்னர் கல்லூரிக்குப் போனார், பட்டம் பெற்றார், சொந்த ஊரிலேயே ஒரு வங்கியில் பல்லாண்டு வேலை செய்தார், காரோட்டினார், வெளிநாடுகளுக்குப் பயணம் செய்தார். ஊர் முழுவதும் அவரைத் தன் பிள்ளையாகப் பார்த்துக்கொண்டது. 2023இல் தமது 89ஆவது வயதில் காலமானார்.

இங்கே ஒன்றைச் சொல்லாமல் விட்டால் நியாயமாகாது. அவருடைய தகப்பனார் வழக்கறிஞர். வேலை செய்த வங்கி தாயாரின் குடும்பத்தாருடையது. அதே ஊரில் அதே வருடம் ஏழை வீட்டில் பிறந்த ஓட்டிசப் பிள்ளைக்கு அந்தக் காலத்தில் பெரும்பாலும் கிடைத்தது பெரிய விடுதியொன்றின் பூட்டிய கதவு. ஆகவே தரும நிறுவனம் ஒன்று ஏழைக்குச் செய்யக்கூடியது என்ன என்று கேட்டால், டிரிப்லெட்டுக்குப் பணமும் உறவும் செய்ததைச் செய்வதுதான்: மாறாத ஓர் இடம், அவருடைய இயல்புக்கு ஏற்ற வேலை, அவரை அறிந்த சில மனிதர்கள். ஒரு வருடத்துக்கல்ல, ஓர் ஆயுளுக்கு.

அகதிகள் தொடங்கிய பண்ணை

இப்படிச் செய்தவர்களில் முன்னோடிகள் தாங்களே இடம்பெயர்ந்தவர்கள் என்பது நமது வாசகர்களுக்குச் சுவையாக இருக்கும். வியன்னாவைச் சேர்ந்த குழந்தை வைத்தியர் கார்ல் கோனிக் 1938இல் ஹிட்லரின் படை ஒஸ்திரியாவைப் பிடித்தபோது தப்பி ஸ்கொட்லாந்துக்கு வந்தார். அவரைப் போன்றே அகதிகளான சில இளைஞர்கள் அவரோடு சேர்ந்தார்கள். 1940இல் அபர்டீன் நகருக்கு அருகில் கேம்ப்ஹில் என்ற வளவில், சமூகம் ஒதுக்கிய பிள்ளைகளோடு சேர்ந்து வாழத் தொடங்கினார்கள். வளவுக்குக் குடிபோகும் வேளையில் ஆண்களை "எதிரி நாட்டவர்" என்று அரசாங்கம் தடுப்பில் வைத்திருந்தது, குடிபோனவர்கள் பெண்கள். பிள்ளைகள் வளர்ந்தபோது, வளர்ந்தவர்களுக்கென 1955இல் இங்கிலாந்தின் யோர்க்‌ஷயரில் பொட்டன் என்ற கிராமத்தை அமைத்தார்கள். மாடு, வயல், பேக்கரி, தச்சுப்பட்டறை. உதவி பெறுபவர், உதவி செய்பவர் எல்லோரும் ஒரே வீட்டில் ஒரே மேசையில்.

ஓட்டிசம் உள்ள பெரியவர்களுக்கென்றே தனியான இடம் 1974இல் இங்கிலாந்தில் சோமர்செட் கோர்ட் என்ற பெயரில் வந்தது. அதைப் பார்த்துப் போன ஓர் ஆசிரியை, பெட்டி ரூத் கே, 1983இல் அமெரிக்காவின் ஒஹாயோவில் பிட்டர்ஸ்வீட் என்ற பண்ணையைத் தொடங்கினார். அவருடைய கவலை எளிமையானது: பாடசாலை முடிந்ததும் இந்த இளைஞர்கள் எங்கே போவார்கள்?

அதே கேள்வி தமிழ்நாட்டிலும் கேட்கப்பட்டது. கார்த்திகேயன் என்பவர் புதுச்சேரியில் ஓர் ஆதரவற்றோர் இல்லத்தில் வளர்ந்தவர். தம்மோடு வளர்ந்த மனவளர்ச்சிக் குறைபாடுள்ள பிள்ளைகள் பதினெட்டு வயதானதும் போக இடமின்றி நிற்பதைக் கண்டார். 2013இல் விழுப்புரம் மாவட்டத்தில் திண்டிவனத்துக்கு அருகே வறண்ட நிலத்தில் சிருஷ்டி கிராமத்தைத் தொடங்கினார். ஓட்டிசம் உள்ளவர்களும் அங்கே வாழ்கிறார்கள். மரம் நட்டு, மரக்கறி பயிரிட்டு, மாடு வளர்த்து அந்த நிலத்தையும் தம்மையும் சேர்த்தே தேற்றிக்கொண்டார்கள்.

ஏன் எல்லோரும் நிலத்துக்கே போகிறார்கள்? காரணம் விவசாயிக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. நாற்றுப் பைக்கு மண் நிரப்புவது நூறு தடவையும் ஒரே மாதிரிதான். மாட்டுக்கு அதே நேரத்தில் தண்ணீர் காட்ட வேண்டும். செடி முகம் சுளிப்பதில்லை, கேலி செய்வதில்லை. செய்த வேலை கண்முன் வளர்கிறது. ஓட்டிசம் உள்ள அமெரிக்கப் பெண்மணி டெம்பிள் கிராண்டின் மாடுகளின் அச்சத்தைத் தம்மால் உணர முடிந்ததால்தான் அவற்றைப் பதறவைக்காமல் நடத்திச் செல்லும் தொழுவங்களை வடிவமைத்து உலகப் பெயர் பெற்றார். எல்லோருக்கும் நிலம் பிடிக்கும் என்றும் சொல்லிவிட முடியாது. ஈர மண்ணைத் தொட்டாலே துடித்துப்போகிறவர்கள் உண்டு. அவர்களுக்கு நிறுத்தல், பொதி செய்தல், வகை பிரித்தல் போன்ற வேலை பொருந்தலாம்.

நமது மலைகளில்

ஊவாவுக்கு அடுத்த மலையில், நுவரெலியாவில், மென்காஃபெப் என்ற நிறுவனத்தை 1988இல் கிறிஸ் ஸ்டப்ஸ், ரஞ்சி ஸ்டப்ஸ் ஆகியோர் தொடங்கினார்கள். தோட்டங்களிலும் கிராமங்களிலும் வீட்டுக்குள் மறைக்கப்பட்ட பிள்ளைகளைத் தேடிப் போய் அழைத்துவந்து, விசேட கல்வி கொடுத்தார்கள். பிள்ளைகள் வளர, தொழிற்பயிற்சி, கூட்டாக வாழும் வீடு என்று பணியும் வளர வேண்டியதாயிற்று. பிள்ளைகளுக்கென்று தொடங்கும் எந்த நல்ல நிறுவனமும் இருபது வருடத்தில் இந்த இடத்துக்கு வந்தே தீரும்.

ஆனால் மடுல்சீமையிலிருந்தோ லுணுகலையிலிருந்தோ எல்லோரும் நுவரெலியாவுக்குப் போக முடியாது, போகவும் வேண்டியதில்லை. 1990களில் நமது சமூக சேவை அமைச்சு முன்னெடுத்த "சமூகம் சார்ந்த புனர்வாழ்வு" என்ற முறையும், தங்காலையில் நவஜீவன நிறுவனம் பல வருடமாகச் செய்துவரும் பணியும் வேறு வழியைக் காட்டுகின்றன: கட்டடத்துக்கு ஆளைக் கொண்டுபோகாமல், வீட்டுக்கு ஊழியர் வருவது. எமது மாவட்டத்துக்கு இதுவே ஏற்றது என்று நினைக்கிறோம். பதுளைப் பெரிய ஆஸ்பத்திரியின் கிளினிக்குக்கு ஒரு முறை போய்வர, தாய் ஒரு நாள் பேரை இழக்கிறாள். பஸ்ஸில் மகன் கத்தினால் நடத்துனரின் ஏச்சும் கேட்கிறாள். வாரம் ஒரு முறை படியேறி வரும் ஓர் ஊழியர் அந்தச் செலவையும் அவமானத்தையும் சேர்த்தே குறைக்கிறார்.

அப்படி வரும் ஊழியர் என்ன செய்வார்? முதல் சில வாரம் ஒன்றும் செய்ய மாட்டார், பார்த்துக்கொண்டிருப்பார். எந்த நேரத்தில் அமைதி, எந்தச் சத்தத்தில் கலக்கம், எதைக் கையில் எடுத்தால் முகம் மலர்கிறது என்று குறித்துக்கொள்வார். பிறகு ஒரு அட்டையில் நாளைப் படமாக வரைவார்: முகம் கழுவுதல், தேநீர், வேலை, சோறு, உறக்கம். பேச்சு விளங்காதவருக்கும் படம் விளங்கும். முடிந்ததை ஒவ்வொன்றாக எடுத்துவிடலாம். அடுத்தது என்ன என்று தெரிந்தாலே பாதிக் கலக்கம் அடங்கும். வேலையையும் அவ்வாறே துண்டாக்க வேண்டும். "பாத்தி போடு" என்பது அவருக்கு ஒரு வேலையல்ல, பத்து வேலை. கயிறு கட்டு, கயிற்றோரம் வெட்டு, கல்லைப் பொறுக்கி வாளியில் போடு, வாளி நிரம்பினால் கொட்டு. ஒன்று படிந்த பின்பே அடுத்தது. மாதங்கள் போகும். பிறகு அவர் பிழைவிடாமல் செய்வார். நாம் சோம்பலில் தவறவிடும் வரிசையை அவர் தவறவிட மாட்டார்.

வேலைக்குக் கூலி கொடுக்க வேண்டும், சிறிதானாலும். மரக்கறி விற்ற காசில் தன் பங்கைத் தானே வாங்கிக் கடைக்குப் போய் ஒரு பிஸ்கட் பக்கெட் வாங்கும் மனிதரை ஊர் வேறு கண்ணால் பார்க்கிறது.

பெண்களைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். ஓட்டிசம் உள்ள பெண்கள் இன்னும் ஆழமாக மறைக்கப்படுகிறார்கள். முகாமில் பொதுக் கழிவறை, மறைப்பில்லாத உறங்குமிடம், தனக்கு நேர்ந்ததைச் சொல்லத் தெரியாத வாய்: இவை சேருமிடத்தில் ஆபத்து மிக அதிகம். நம்பிக்கையான ஒரு பெண் எப்போதும் அருகில் இருக்கும்படி செய்வதும், "வேண்டாம்" என்பதைச் சொல்லாலோ சைகையாலோ பழக்குவதும் தொழிற்பயிற்சிக்கு முன்பே செய்ய வேண்டியவை.

தருமம் தவறும் இடங்கள்

உதவி செய்ய வருகிறவர்கள் சிலர் ஒரு பொதியைக் கொடுத்துப் படம் எடுத்துக்கொண்டு போகிறார்கள். பழக்கமில்லாத பத்துப் பேர் சுற்றி நின்று ஒளியை முகத்தில் அடிப்பது ஓட்டிசம் உள்ளவருக்கு உதவியல்ல, உபத்திரவம். மறுக்க உங்களுக்கு உரிமை உண்டு. இன்னொரு தவறு மூன்று வருடத் திட்டம். ஊழியரோடு பழகவே ஒரு வருடம் போகிறது. மூன்றாம் வருட முடிவில் நிதி நின்று அவர் போய்விட்டால் இரண்டாவது மண்சரிவு வந்ததற்குச் சமம். ஒரு நிறுவனம் உங்களிடம் வரும்போது, "எத்தனை வருடம் வருவீர்கள்? பிறகு யார் வருவார்?" என்று கேளுங்கள். கேட்டால் உதவி நின்றுவிடுமோ என்று அஞ்ச வேண்டாம். நல்ல நிறுவனம் அந்தக் கேள்வியை வரவேற்கும்.

இப்போதே செய்யக்கூடியவை

தரும நிறுவனம் வரும்வரை காத்திருக்கத் தேவையில்லாத காரியங்களும் உண்டு. பிறப்புச் சான்றிதழும் தேசிய அடையாள அட்டையும் மண்ணோடு போயிருந்தால் கிராம உத்தியோகத்தர் மூலம் மறுபடி எடுங்கள். இதுவரை எடுக்கவே இல்லையென்றாலும் இப்போது எடுங்கள். அது இல்லாமல் எந்தக் கொடுப்பனவும் இல்லை. குறைந்த வருமானமுள்ள அங்கவீனமுற்றோருக்கான மாதாந்தக் கொடுப்பனவு 2025 வரவுசெலவுத் திட்டத்தில் 7,500 ரூபாவிலிருந்து 10,000 ரூபாவாக உயர்த்தப்பட்டது. பிரதேச செயலகத்தில் சமூக சேவை உத்தியோகத்தரிடம் விண்ணப்பிக்க வேண்டும், தமிழிலேயே விண்ணப்பிக்கலாம். டாக்டரின் சான்று தேவைப்படும். அங்கவீனமுற்றோரின் உரிமைகளுக்கென 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது; ஐக்கிய நாடுகளின் உடன்படிக்கையையும் நமது நாடு 2016இல் ஏற்றுக்கொண்டது. ஆகவே அங்கே நீங்கள் கேட்கப்போவது பிச்சையல்ல.

முகாமிலோ தற்காலிகக் கொட்டிலிலோ இருந்தால் அவருக்கென ஒரு மூலையை முதலில் பிடியுங்கள். ஒரு சாக்கையோ சேலையையோ மறைப்பாகக் கட்டுங்கள். பழைய வீட்டிலிருந்து மிஞ்சிய கோப்பையோ போர்வையோ இருந்தால் புதியது கிடைத்தாலும் அதை எறியாதீர்கள். புதிய வீட்டுக்குக் குடிபோகுமுன், கட்டும்போதே பல முறை அவரை அழைத்துப்போய்க் காட்டுங்கள்.

இன்னுமொன்று. ஒரு தாளில் அவரைப் பற்றி எழுதுங்கள்: பெயர், வயது, எதைச் சாப்பிடுவார், எதற்கு அஞ்சுவார், எந்த மருந்து எத்தனை மணிக்கு, வலிப்பு வருமா, தண்ணீர் கேட்க என்ன சைகை காட்டுவார், கலங்கினால் எது அமைதி தரும், யாரை நம்புவார். உங்களுக்கு எழுத வராவிட்டால் பாடசாலைப் பிள்ளையிடம் சொல்லி எழுதுவியுங்கள். அதையே சிங்களத்திலும் எழுதுவிப்பது நல்லது. இரவில் உங்களை ஏற்றிச் செல்லும் லொறிச் சாரதிக்கும் ஆஸ்பத்திரித் தாதிக்கும் தமிழ் தெரிந்திருக்கும் என்று சொல்ல முடியாது. ஒரு பிரதியை அடையாள அட்டையோடு பொலித்தீன் உறையில் வையுங்கள். ஒன்றைச் சரிவு அபாயம் இல்லாத இடத்தில் வாழும் உறவினரிடம் கொடுங்கள். மூன்றாவதைக் கிராம உத்தியோகத்தரிடமோ வீட்டுக்கு வரும் ஊழியரிடமோ கொடுங்கள். ஒக்டோபர் மழை தொடங்குமுன் இதைச் செய்துவிடுங்கள்.